மேஜையே கம்ப்யூட்டர் ஆனா வீட்டுக்கு ஆகுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டச் டேபிள் பத்தி சும்மா ரெண்டு பாரா எழுதியிருந்தேன். மேல்பாகம் முழுக்க ஸ்கிரீனா இருக்கும், சுத்தி உக்காந்து விரலால தொட்டு வேலை பாக்கலாம், அந்த மேஜை கம்ப்யூட்டரத்தான் சொல்றேன். அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நான் நெனைக்கவே இல்ல. பாதிப் பேரு "எப்ப வாங்கலாம்"னு கேக்கறாங்க, மீதிப் பேரு "இது எதுக்குங்க வீட்டுக்கு"ன்னு கோவமாவே எழுதியிருக்காங்க, நடுவுல நிக்கறவங்க ரொம்பக் கம்மி. அதனால இந்தத் தடவை பகுதி முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

சார், என் வீட்டுக்காரர் ஹாலுக்கு டச் டேபிள் வாங்கியே தீரணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. வீட்ல மேஜைன்னா சாவி வைப்போம், தண்ணி வைப்போம், மடிச்ச துணி வைப்போம், பசங்க புஸ்தகம் கெடக்கும். அதையே கம்ப்யூட்டரா மாத்திட்டா இதெல்லாம் எங்க வைக்கறது? நான் பழைய காலத்து ஆளாட்டம் பேசறேனாம். நீங்களே சொல்லுங்க.

இல்லங்க, நீங்க கேட்டதுதான் இந்த விஷயத்துலயே முக்கியமான கேள்வி. எனக்கு வந்த கடிதங்கள்ல அதிகமா இருக்கறதும் இதுதான். மேஜைங்கறது வீட்ல காலியா இருக்கற பொருளே இல்ல. காலைல தொடைச்சு வெச்சாலும் சாயங்காலத்துக்குள்ள அது மேல பத்து சாமான் சேந்துடும், அது யாரோட தப்பும் இல்ல, மேஜையோட வேலையே அதுதான். ஸ்கிரீனுக்கு அப்படியே நேர் எதிரா, எப்பவும் காலியா இருக்கணும். இந்த ரெண்டையும் ஒண்ணா கட்டி வெச்சா தெனமும் ஒண்ணு தோக்கும், பெரும்பாலும் தோக்கறது ஸ்கிரீன்தான், ஏன்னா அத ஆன் பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து வேற எடத்துல வைக்கணும், அந்த அஞ்சு நிமிஷ சோம்பல்லயே பாதி நாள் போயிடும்.

சுத்தம் பத்தியும் சொல்லணும். நிமிந்து நிக்கற டிவில படியற தூசிக்கும் படுத்துக் கெடக்கற கண்ணாடில படியற தூசிக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு. கைரேகையும் அப்படித்தான், மேல லைட்டு எரிஞ்சா ஒவ்வொரு விரல் தடமும் பளிச்சுனு தெரியும். மைக்ரோஃபைபர் துணிய லேசா நனைச்சு தொடைக்கணும், ஸ்கிரீன் மேல நேரா ஸ்ப்ரே அடிக்கக்கூடாது, ஓரத்துல எறங்கிடும்.

ஆனா உங்க வீட்டுக்காரர் ஆசையும் தப்பில்லங்க. போட்டோவ கையால தள்ளி, திருப்பி, ரெண்டு விரலால பெருசு பண்ணி பாக்கும்போது யாருக்குமே மனசு குதிக்கும், எனக்கும் குதிச்சுது. அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, "மூணாவது மாசம் இதுல நாம எல்லாரும் சேந்து என்ன பண்ணுவோம்?" சட்டுனு ஒரு பதில் வந்துச்சுன்னா யோசிக்கலாம். அப்படியே வாங்கினாலும் இருக்கற மேஜைய எடுத்துட்டு அந்த எடத்துல இத போடாதீங்க, பக்கத்துல தனியா எடம் இருந்தா மட்டும் போடுங்க.

இது புதுசா வந்த டெக்னாலஜியா? என் பையன் இதுதான் அடுத்த பெரிய விஷயம்னு சொல்றான்.

புதுசு இல்லங்க. 2001-லயே மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஆராய்ச்சிக் கூடத்துல டைமண்ட்டச்னு ஒரு மேஜை செஞ்சாங்க, அதோட அழகு என்னன்னா யாரு தொட்டாங்கன்னே அதுக்குத் தெரியும். உக்காந்திருக்கற நாற்காலி வழியா சின்ன சிக்னல் ஒடம்புல கடந்து போகும், அத வெச்சு இந்த விரல் இன்னாரோடதுன்னு கண்டுபிடிச்சுடும். இன்னிக்கு நம்ம கைல இருக்கற எந்த ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் அந்த அறிவு கிடையாது, பத்து விரல் பட்டா பத்து விரல்னு மட்டுந்தான் தெரியும், யாரோடதுன்னு தெரியாது.

அதே 2001-ல மைக்ரோசாஃப்ட்ல ஸ்டீவி பாத்திச், ஆண்டி வில்சன்னு ரெண்டு பேரு யோசனைய ஆரம்பிச்சாங்க, 2007 மே மாசம் அத சர்ஃபேஸ்ங்கற பேர்ல வெளிய காட்டினாங்க. இப்ப கடைல பாக்கற சர்ஃபேஸ் டேப்லெட் இல்ல, அது பின்னாடி வந்தது. இது 30 இன்ச் மேஜை, உள்ள ஒரு ப்ரொஜெக்டர், கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்துல பாக்கற அஞ்சு கேமரா, விலை கிட்டத்தட்ட 10,000 டாலர். 2008 ஏப்ரல்ல அமெரிக்காவுல ஏடி அண்ட் டி ஃபோன் கடைகள்ல கொண்டுபோய் வெச்சாங்க, அப்புறம் ஹோட்டல்கள்லயும் வெச்சாங்க. வீட்டுக்கு வரவே இல்ல. 2012-ல அந்தப் பேரையே புது டேப்லெட்டுக்குக் குடுத்துட்டு மேஜைக்கு பிக்சல்சென்ஸ்னு பேர மாத்திட்டாங்க, பேரயே எடுத்துக்கிட்டாங்கன்னா எது முக்கியமாச்சுன்னு புரிஞ்சுக்கலாம்.

அவ்வளவு பேரு வாயப் பொளந்து பாத்த பொருள் ஏன் ஓடல? விலை மட்டுந்தான் காரணமா?

விலை பெரிய காரணம், ஆனா அது மட்டும் இல்ல. 2013 ஜனவரில லெனோவோ ஐடியாசென்டர் ஹொரைசான்னு ஒண்ண காட்டினாங்க, 27 இன்ச், நிமித்தி வெச்சா சாதா கம்ப்யூட்டர், படுக்க வெச்சா மேஜை ஸ்கிரீன், விலை 1,699 டாலர்லேந்து. பழையதோட ஒப்பிட்டா ஆறுல ஒரு பங்கு. கூடவே நிஜமா உருட்டற எலக்ட்ரானிக் தாயக்கட்டை, ஸ்கிரீன் மேல வெச்சு ஆடற ஜாய்ஸ்டிக் எல்லாம் குடுத்தாங்க. குடும்பம் சேந்து விளையாடறதுக்குன்னே யோசிச்சு செஞ்ச பொருள், அந்த யோசனைய நான் இன்னிக்கும் மதிக்கறேன். ஆனா பேட்டரி சுமார் ரெண்டு மணி நேரந்தான், எடை எட்டு கிலோவுக்கு மேல. "எங்க வேணா தூக்கிட்டுப் போலாம்"னா வீட்ல யாரு தூக்கறது? அதுக்கு முந்தின வருஷம் சோனி வயோ டாப் 20-ன்னு 20 இன்ச்ல ஒண்ணு வந்துச்சு, அதுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

உண்மையான காரணம் என்னன்னு கேட்டா நான் 2010-அ சொல்லுவேன். அந்த வருஷம் ஐபேட் வந்துச்சு, 9.7 இன்ச், 499 டாலர்லேந்து. மேஜைல உக்காந்து தொட்டுப் பாக்கணும்னு ஜனங்களுக்கு இருந்த ஆசையில பாதிய அது மடில உக்காந்தே தீத்துவெச்சுடுச்சு. போட்டோ பாக்கறது, படம் பாக்கறது, குழந்தை கிறுக்கறது எல்லாமே அதுல ஆயிடுச்சு. மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு, நாலு பேரு ஒரே நேரத்துல ஒரே ஸ்கிரீன்ல கை வைக்கறது. டேப்லெட்டால முடியாத அந்த ஒரு விஷயத்துக்குத்தான் மேஜை வேணும். அதுக்கு நல்ல சாஃப்ட்வேர் ரொம்பக் கம்மியாதான் எழுதினாங்க, வித்த மேஜை கம்மி, அதனால எழுதறவங்க கம்மி, அதனால வாங்கறவங்க இன்னும் கம்மி, இப்படியே போயிடுச்சு.

அருங்காட்சியகங்கள்ல மட்டும் இது நல்லா நிலைச்சிருக்கு. அங்க யாரும் சாவிய வைக்கப் போறதில்ல, பத்து நிமிஷத்துக்கு மேல யாரும் நிக்கப் போறதும் இல்ல, தொடைக்கவும் ஆள் இருக்கு.

மேல டம்ளர வெச்சா அதையும் விரல்னு நெனைச்சுக்குமா? இது எப்படித்தான் வேலை செய்யுது?

அது எந்த வகை மேஜைங்கறதப் பொறுத்தது. கேமரா வெச்சு பாக்கற வகைல மேஜை அடியிலேந்து இன்ஃப்ராரெட் வெளிச்சம் மேல போகும், மேல எது பட்டாலும் வெளிச்சம் திரும்பி அடிக்கும், கேமரா அத பாக்கும். டம்ளர் வெச்சா டம்ளர் உருவம் தெரியும், கை வெச்சா கை. சர்ஃபேஸ் மேஜைல அடியில புள்ளி அடையாளம் ஒட்டின பொருள வெச்சா இது இன்ன பொருள்னே கண்டுபிடிக்கும், அதச் சுத்தி மெனு விரியும். நிஜப் பொருளும் படமும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற மாதிரி இருக்கும், அந்த வகையோட உயிரே அதுதான். பார்சிலோனால செஞ்ச ரியாக்டபிள்ங்கற இசை மேஜையும் இதே வழிதான், கட்டைகள நகத்தி நகத்தி வெச்சா பாட்டு மாறும். இதுக்கு எதிரி வெயில். ஜன்னல் வழியா சூரிய வெளிச்சம் விழுந்துச்சுன்னா அதுலயும் இன்ஃப்ராரெட் இருக்கறதால கேமரா கொழம்பிடும்.

இன்னிக்கு வர்ற மேஜை ஸ்கிரீன் நெறைய நம்ம ஃபோன் மாதிரிதான், கண்ணாடிக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு மின் வலை இருக்கும், விரல் பக்கத்துல வந்தா அந்த எடத்துல மின்சார அளவு கொஞ்சம் மாறும், அத வெச்சு எடத்த கண்டுபிடிக்கும். இதுல காலி பிளாஸ்டிக் டம்ளர வெச்சா ஒண்ணும் ஆகாது. தண்ணி சிந்தினாதான் வம்பு, ஈரம் பட்ட எடத்துல யாருமே தொடாம தானா எதையாவது அழுத்தும். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல ஈர டம்ளர எடுத்த வட்டத்துல ஆட்டம் தானா நகந்து, தோக்கப் போற குழந்தை ஜெயிச்சுடுச்சு, ஜெயிச்சுட்டிருந்த குழந்தை அழுத அழுகை இருக்கே, அன்னிக்கு அப்புறம் அந்த வீட்ல தண்ணி பாட்டில் மூடி போட்டு தரையிலதான்.

கேமரா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. அப்ப அது எங்கள பாத்துக்கிட்டே இருக்குமா? பொம்பளைப் பிள்ளைங்க இருக்கற வீடு சார்.

உங்க பயம் நியாயமானது, நான் அத லேசா எடுத்துக்க மாட்டேன். தொடுதல கண்டுபிடிக்கற இன்ஃப்ராரெட் கேமரா மேஜைப் பரப்ப மட்டுமே பாக்கறதுக்கு வெச்சது, அதுக்கு மேல இருக்கற உருவம் மங்கிப் போகும். ஃபோன் மாதிரி மின் வலை வெச்ச மேஜைல தொடுதலுக்குக் கேமராவே தேவையில்ல. கவனிக்க வேண்டியது வேற, வீடியோ காலுக்குன்னு ஓரத்துல சின்னதா ஒரு கேமரா, மைக் இருக்கான்னு பாருங்க. படுக்க வெச்ச ஸ்கிரீன்ல அது மேல நோக்கி இருக்கும், குனியற எல்லாரையும் பாக்கும். மூடி இருந்தா மூடுங்க, இல்லன்னா ஒட்டுற பட்டை போடுங்க. அதவிட முக்கியம், பொது மேஜைல யாரோட மெயிலும் பேங்க் கணக்கும் லாகின் பண்ணாதீங்க. எல்லாரும் தொடற எடம் அது, ஒருத்தர் மெசேஜ் எல்லார் முன்னாடியும் வந்து நின்னா வீட்ல மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

ஆபீஸ் வேலைய இதுல பாக்கலாமா? லேப்டாப்ப வித்துடலாம்னு இருக்கேன்.

விக்காதீங்க. கண்ணாடில டைப் பண்ணி பத்து பக்கம் எழுத முடியாது.

எனக்கு ஏற்கனவே கழுத்து வலி. குனிஞ்சு பாத்தா அதிகமாகாதா?

ஆகும். நிமிந்து நிக்கற டச் ஸ்கிரீன்ல கைய நீட்டியே வெச்சிருந்தா தோள் கனக்கும், மேஜைல கைக்கு அந்தக் கஷ்டம் இல்ல, ஆனா பாரம் கழுத்துக்கு மாறிடுது. சர்ஃபேஸ் மேஜையோட உயரம் 22 இன்ச்சுதான், சோஃபால உக்காந்தா முழங்கால் உயரம், நல்லாவே குனியணும். சாப்பாட்டு மேஜை உயரம் கொஞ்சம் தேவலாம், லேசா சாய்ச்சு வெக்கற வசதி இருந்தா இன்னும் தேவலாம், ஆனா சாய்ச்சுட்டா எதிர்ல உக்காந்தவருக்கு தலைகீழாத்தான் தெரியும். பதினஞ்சு இருபது நிமிஷத்துக்கு மேல ஒரேயடியா வேணாம். படம் பாக்கறது, நீளமா படிக்கறது ரெண்டும் இதுல கூடவே கூடாது.

அண்ணா, நான் காலேஜ் மூணாவது வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு நாங்களே ஒரு டச் டேபிள் செய்ய முடியுமா? டீச்சர் முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

முடியும் தம்பி, ஒலகம் முழுக்க நெறைய பசங்க செஞ்சிருக்காங்க. 2006-ல ஜெஃப் ஹான்னு ஒருத்தர் ஒரு வழிய மேடையில செஞ்சு காட்டினாரு, அதுக்கப்புறம் கேரேஜ்லயும் ஹாஸ்டல்லயும் மேஜை செய்ய ஆரம்பிச்சாங்க. தடிமனான அக்ரிலிக் தகட்டோட ஓரத்துல இன்ஃப்ராரெட் எல்இடி வரிசையா ஒட்டணும். வெளிச்சம் தகட்டுக்குள்ளேயே முட்டி முட்டி ஓடும், வெளிய வராது. மேல விரல் வெச்சு அழுத்தினா அந்த எடத்துல மட்டும் அது தடைபட்டு கீழ சிதறும், அடியில வெச்ச வெப்கேமரா அத வெள்ளைப் புள்ளியா பாக்கும், கம்ப்யூட்டர் அந்தப் புள்ளிய தொடுதலா எடுத்துக்கும். படத்த அடியிலேந்து ஒரு ப்ரொஜெக்டர் காட்டும்.

நீங்க கவனிக்க வேண்டியது மூணு. வெப்கேமரால சாதாரணமா இன்ஃப்ராரெட்ட தடுக்கற ஃபில்டர் இருக்கும், அத கழட்டிட்டு, கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்த தடுக்கற ஃபில்டர் போடணும், இல்லன்னா ப்ரொஜெக்டர் படத்தையே கேமரா பாத்து கொழம்பும். காஞ்ச விரல்ல சரியா புள்ளி விழாது, அக்ரிலிக் மேல மெல்லிசா சிலிகோன் ரப்பர் படலம் போட்டா நல்லா விழும். ப்ரொஜெக்டர் சூடு வெளிய போக பெட்டில ஓட்டையும் ஃபேனும் கட்டாயம் வைங்க, மூடின பெட்டில வெச்சா சூடேறி தானா அணஞ்சுடும். டீச்சர்கிட்ட சண்டை போடாதீங்க, ஒரு சின்னத் தகட்டுல ரெண்டு புள்ளி வர வெச்சு காட்டுங்க, அவங்களுக்கே ஆசை வந்துடும்.

ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு. மேல ஏறிட்டா?

ஏறும், கண்டிப்பா ஏறும். கனமான கண்ணாடி ஸ்கிரீன சாதா மேஜை மேல சும்மா படுக்க வெச்சா குழந்தை ஒரு ஓரத்த புடிச்சு இழுத்தா சரிஞ்சு விழும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் பொறுங்க.

நாங்க வாரக் கடைசில குடும்பமா தாயம், சீட்டு, பாம்பு ஏணி எல்லாம் ஆடுவோம். அதுக்காக மட்டும் வாங்கினா பிரயோஜனப்படுமா? பணம் வீணாகுமோன்னு பயமா இருக்கு.

வந்த கடிதங்கள்லயே எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான், ஏன்னா மேஜை எதுக்கு நல்லதோ அத நீங்களே கண்டுபிடிச்சிருக்கீங்க. இப்ப விளையாட்டுக்குன்னே வர்ற மேஜைகள் இருக்கு, ஆர்க்கேட்1அப்ங்கற கம்பெனி 2020 கடைசில 24 இன்ச், 32 இன்ச்னு ரெண்டு அளவுல இன்ஃபினிட்டி கேம் டேபிள்னு அறிவிச்சாங்க, முழுக்க முழுக்க போர்டு கேமுக்குத்தான். காய் தொலையாது, பாதில நிறுத்திட்டு நாளைக்குத் தொடரலாம், கணக்கு சண்டை வராது. ஆனா சீட்டுல ஒரு சிக்கல், கைல இருக்கற சீட்ட மத்தவங்களுக்குத் தெரியாம வைக்க முடியாது, எல்லாமே நடுவுல கெடக்கற ஒரே ஸ்கிரீன்லதான். சில ஆட்டத்துல உள்ளங்கையால மறைச்சு வெச்சு எட்டிப் பாக்கணும், அது கொஞ்ச நேரத்துல அலுத்துடும். தாயம், பாம்பு ஏணிக்கு அந்தத் தொந்தரவே இல்ல.

ஒரு அருங்காட்சியகத்துல நான் பாத்தத சொல்றேன். பெரிய டச் மேஜை, பழைய போட்டோக்கள் மேல மிதந்துக்கிட்டிருக்கு. ஒரு பாட்டியும் பேத்தியும் எதிரெதிரா நின்னாங்க. பாட்டி தொட்டாங்க, நகரல, மறுபடி தொட்டாங்க, நகரல, நமக்கெல்லாம் இது ஆகாதுன்னு கைய பின்னாடி கட்டிக்கிட்டாங்க. பேத்தி சுத்தி வந்து பாத்துட்டு, "பாட்டி நீ நகத்தால தொடறே, விரல் சதையால தொடு"ன்னு அவங்க கைய புடிச்சு விரல படுக்க வெச்சா. போட்டோ நகந்துச்சு. நகம் மின்சாரத்த கடத்தாது, அதான் விஷயம். அதுக்கப்புறம் பேத்தி தன் பக்கத்துலேந்து ஒவ்வொரு போட்டோவையும் ரெண்டு கையாலயும் திருப்பி பாட்டிக்கு நேரா தள்ளிவிட்டா, பாட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை சொல்லிக்கிட்டே போனாங்க, பின்னாடி வரிசைல நின்ன நாங்க யாருமே அவசரப்படுத்தல. உங்க வீட்ல வாரக் கடைசில ஏற்கனவே அப்படி உக்காரற பழக்கம் இருக்கு, அதனால உங்களுக்கு வீணாகாதுன்னு நான் நம்பறேன். உக்காரற பழக்கமே இல்லாத வீட்டுக்கு எந்த மேஜையும் அந்தப் பழக்கத்த கொண்டு வராது. வாங்கறதுக்கு முன்னாடி ஆட்டங்கள் கூடவே வருதா, ஒவ்வொண்ணுக்கும் தனியா காசு கட்டணுமா, இன்டர்நெட் இல்லாம ஓடுமான்னு மூணையும் கேட்டுடுங்க, கம்பெனி நாளைக்கு அப்டேட் நிறுத்திட்டா மேஜை வெறும் மேஜையாயிடக் கூடாதில்லையா.

அப்பாவுக்கு 78 வயசு, கை லேசா நடுங்கும். ஃபோன்ல எதையோ தொடப்போய் வேற எதையோ தொட்டுட்டு எரிச்சலாகி தூக்கிப் போட்டுடறாரு. பெரிய ஸ்கிரீன் மேஜை அவருக்கு உதவுமா?

உதவ வாய்ப்பு இருக்குங்க. பட்டன் பெருசா இருந்தா தவறித் தொடறது கொறையும், முழங்கைய மேஜை ஓரத்துல ஊன்றிக்க முடியறதால நடுக்கமும் கொஞ்சம் அடங்கும். ஆனா நேரா மேஜை வாங்கப் போயிடாதீங்க. வீட்ல டேப்லெட் இருந்தா அத சாப்பாட்டு மேஜைல படுக்க வெச்சு, கீழ வழுக்காத துணி விரிச்சு, ஒரு வாரம் குடுத்துப் பாருங்க. ஐபேட்ல அக்ஸசிபிலிட்டி செட்டிங்ஸ்ல டச்ங்கறதுக்குள்ள போனா, விரல் இத்தன நேரம் பட்டாதான் தொட்டதா எடுத்துக்கணும்னு மாத்தலாம், சும்மா ஒரசினா எடுத்துக்காது. ஆண்ட்ராய்டுலயும் தொட்டு அழுத்தற நேரத்த கூட்டலாம். எழுத்தையும் ஐகானையும் பெருசாக்கிடுங்க, முதல் பக்கத்துல நாலே நாலு விஷயம் மட்டும் வைங்க, அவரு தெனம் பாக்கறது எதுவோ அது மட்டும்.

முதல் ரெண்டு நாள் நீங்க எதிர்ல உக்காராதீங்க, பக்கத்துல உக்காருங்க, அப்பதான் ரெண்டு பேருக்கும் ஒரே பக்கமா தெரியும். அவரு தப்பாத் தொட்டா சட்டுனு கைய நீட்டி சரி பண்ணிடாதீங்க, கொஞ்சம் விடுங்க, அவரே திரும்ப வந்து தொடட்டும். இன்னொண்ணு, அவரு தலைக்கு மேல நேரா இருக்கற லைட்ட அணைச்சுட்டு பக்கத்து லைட்ட போடுங்க, படுத்திருக்கற கண்ணாடில மேல் வெளிச்சம் பட்டா அவருக்கு எழுத்துக்குப் பதிலா பல்புதான் தெரியும்.